மூன்று நொடி தாமதமாக வந்த கெட்டிமேளம்

1. கடைக்குள் கேட்ட சத்தம்

“கேமரா பொய் சொல்லுமாய்யா? நீ லேட்டா அடிச்சே, அது லேட்டா காட்டுது. அவ்ளோதான் மேட்டரு!”

மேற்குத் தாம்பரத்தில் ராஜேந்திரன் அண்ணனின் வீடியோ கடைக்குள் நான் கால் வைத்தபோது காதில் விழுந்தது இதுதான். வேறொரு கல்யாணத்தின் ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். அந்தக் காலத்தில் நான் அவருக்கு வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். முடிச்சூரில் எங்கள் வீட்டு ஹாலில், டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். அதுதான் என் ஆபீஸ். அடுப்பில் சாம்பார் கொதிக்கும்போதே இங்கே மாலை மாற்றுகிற சீனை வெட்டி ஒட்டுவேன்.

கவுண்ட்டருக்கு முன்னால் ஒரு மனிதர் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, வயது ஐம்பதுக்குப் பக்கம். பெயர் ஏகாம்பரம். வண்டலூர்க்காரர், தவில் வித்வான், சொந்தமாக மேளம் செட் வைத்திருக்கிறார். இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது.

“சார், நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளு சார். ஓமப் பொகைல யாரோ தும்முனாங்கோ. தாலி கட்ற நேரத்துல தும்மல் கேக்கக் கூடாதுன்னு, ஐயரு கை தூக்கறதுக்கு முன்னியே நான் தட்டிட்டேன். அந்தத் தும்மல அமுக்குனதே நான்தான் சார். இப்ப உன் டிவிடில பார்த்தா, தாலி கட்டும்போது தும்மல் மட்டும் தனியா கேக்குது. மேளம் அப்பாலிக்கா வருது. இன்னா சார் அநியாயம் இது?”

“அதுக்கு நான் இன்னாய்யா பண்ணட்டும்?”

“மாப்ள வூட்ல மண்டபத்து மேனேஜராண்ட சொல்லிட்டாங்கோ சார். மேளக்காரன் தூங்கிட்டான், அபசகுனமாயிடுச்சுன்னு. அவரு இனிமே இந்த மண்டபத்துக்கு வராதன்றாரு. எனக்குக் கல்யாணம் ஆவறதுக்கு முன்னேர்ந்து நான் வாசிக்கிற மண்டபம் சார் அது. அங்க வேணான்ட்டா அக்கம்பக்கத்துல எவன் சார் கூப்புடுவான்?”

ராஜேந்திரன் அண்ணன் ஒரு டிவிடி கவரில் மணமக்கள் பெயரை மார்க்கரால் எழுதிக்கொண்டே, “அடுத்த வாட்டி முழிச்சிகினு அடி” என்றார்.

எனக்குச் சுரீரென்றது. எந்தக் கல்யாணம் என்று கேட்டேன். சிட்லபாக்கம் பார்ட்டி என்றார் ஏகாம்பரம். அந்தக் கல்யாணத்து ஃபைல் முதலில் என்னிடம்தான் வந்தது. பாதி வேலையில் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனதும் இதே ராஜேந்திரன் அண்ணன்தான்.

2. கன்வர்ட் என்றால் அத்தனை இளக்காரம்

இப்போது எடிட்டிங் கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். போனில் எடுத்து போனிலேயே வெட்டுகிற உங்களுக்கு எங்கள் பாடு தெரியாது.

அன்றைக்குக் கல்யாணம் சின்ன டேப்பில் பதிவாகும். டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஒரு மணி நேரப் படத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ஜிபி இடம் பிடிக்கும். ஹார்ட் டிஸ்க்கோ மொத்தமே எண்பது. அதனால் கடைகளில் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். ஏற்றிய படத்தை உடனே கம்ப்ரெஸ் செய்து, சின்ன ஏவிஐ ஃபைலாக்கி வைத்துக்கொள்வார்கள். பெரிய ஃபைலை அழித்துவிடுவார்கள். அத்தோடு விட்டார்களா? இல்லை. அதே டேப்பில் அடுத்த முகூர்த்தத்தை எடுப்பார்கள்! ஒருத்தர் கல்யாணத்தின் மேலேயே இன்னொருத்தர் கல்யாணம். எடிட் முடிந்து டிவிடி கைக்குப் போவதற்குள் ஒரிஜினல் காலி. இதைக் கேட்டால், “டேப்பு சும்மா தூங்கிகினு கீதே, அத இன்னா பூஜையா பண்ணுவாங்க?” என்பார் ராஜேந்திரன் அண்ணன்.

கம்ப்ரெஸ் செய்த ஃபைல் பார்ப்பதற்கு நல்லது, வெட்டுவதற்கு ஆகாது. ஏனென்றால் அதில் எல்லா ஃப்ரேமும் முழுசாக இருக்காது. ஒரு முழுப் படம் இருக்கும், பிறகு வருகிற பல ஃப்ரேம்களில் என்னென்ன மாறியது என்று மட்டும் இருக்கும். நீங்கள் நடுவில் ஒரு ஃப்ரேமில் கட் வைத்தால், கம்ப்யூட்டர் பின்னால் ஓடிப்போய் அந்த முழுப் படத்தைத் தேடி, அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும். எங்கள் வீட்டுப் பழைய பென்டியம் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கிவிடும். துண்டுகளை வரிசையாக அடுக்குகிற டைம்லைனைத் தொட்டால் படம் உறைந்து நிற்கும்.

அதைவிடப் பெரிய வில்லங்கம் ஆடியோவில் இருந்தது. இடத்தை மிச்சம் பிடிக்க ஆடியோவையும் எம்பி3 ஆக்கியிருப்பார்கள். அதிலும் சத்தம் அதிகமான இடத்தில் அதிக டேட்டா, அமைதியான இடத்தில் கம்மி டேட்டா என்று ஏறி இறங்குகிற வகை. எங்கள் எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு அந்தக் கணக்கு பிடிபடாது. ஃபைலின் ஆரம்பத்தில் வாயும் சத்தமும் சரியாக இருக்கும். போகப்போகச் சத்தம் பின்தங்கும். முக்கால் மணி நேரம் தாண்டினால் மூன்று நொடி போல விலகி நிற்கும்.

இதற்கு மருந்து ஒன்றுதான். எடிட்டில் கை வைப்பதற்கு முன் முழு ஃபைலையும் கன்வர்ட் செய்ய வேண்டும். எல்லா ஃப்ரேமும் முழுசாக உள்ள பெரிய ஃபைலாகப் படம், ஏறி இறங்காத வேவ் ஃபைலாக ஆடியோ. பிறகு முதலில், நடுவில், கடைசியில் என்று போட்டுப் பார்த்து, ஒருவர் கை தட்டினால் சத்தம் அதே நேரத்தில் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் வெட்டு, ஒட்டு, பாட்டு எல்லாம். காலையில் போட்டால் மத்தியானம் வரை ஓடும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. நான் அதைப் போட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போய், சமைத்து, துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வருவேன்.

இந்த வேலையைத்தான் ராஜேந்திரன் அண்ணனால் சகிக்க முடியாது. “கன்வர்ட்டு கன்வர்ட்டுன்னு கம்ப்யூட்டர சும்மா ஓட்டிகினுகீற. எப்பம்மா எடிட் பண்ணுவ?” என்பார். நான் சோம்பேறி என்று அவர் முடிவே கட்டிவிட்டார். ஆனால் கேளுங்கள் அநியாயத்தை. மணமக்கள் தலையில் ரோஜா இதழ் கொட்டுகிற எஃபெக்டைப் படத்தில் ஏற்றுகிற ரெண்டர் நாள் பூரா ஓடலாம். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு பூமி உருண்டைக்குள் சுற்றிச் சுற்றி வருவதற்கு இன்னொரு நாள் ஓடலாம். அதெல்லாம் வேலை. தாலியும் மேளமும் ஒன்றாக வர வேண்டும் என்று ஒரு அரை நாள் கேட்டால் மட்டும் அது வெட்டி வேலை! இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

சிட்லபாக்கம் கல்யாண ஃபைலை நான் கன்வர்ட்டில் போட்டிருந்தேன். அது முடிந்த சமயத்தில் ராஜேந்திரன் அண்ணன் ஸ்கூட்டரில் வந்து நின்றார். “பார்ட்டி கடைல வந்து உக்காந்துகினுகீறாங்க, நானே முடிச்சிக்கிறேன் குடு” என்று அவருடைய ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டார். கன்வர்ட் ஆன ஃபைலைக் காப்பி பண்ணித் தருகிறேன், கொஞ்சம் இருங்கள் என்றேன். “அத்தனை ஜிபி காப்பி ஆவறதுக்குள்ள பார்ட்டி எந்திரிச்சுப் போயிடும்” என்று, கம்ப்ரெஸ் ஃபைல் இருந்த டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதை அப்படியே டைம்லைனில் இழுத்துப் போட்டிருக்கிறார். நலங்கு, விருந்து, ரிசப்ஷன் எல்லாவற்றுக்கும் மேலே சினிமாப் பாட்டைப் போர்த்திவிட்டதால் அங்கெல்லாம் விலகல் தெரியவில்லை. தாலி கட்டும் இடம் ஒன்றுக்குத்தான் அசல் சத்தத்தை விட்டிருந்தார். அங்கேதான் குட்டு வெளிப்பட்டது.

3. “வுட்டுடு செல்வி”

ஏகாம்பரம் அண்ணனிடம் என் வீட்டு அடையாளம் சொல்லி, நாளைக் காலை வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை, கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். கன்வர்ட் ஆன ஃபைல் என் டிஸ்க்கில் அப்படியே இருந்தது. இடம் போதவில்லை என்று அழித்துவிட்டேனோ என்று வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தேன், சாமி புண்ணியத்தில் அழிக்கவில்லை.

ஓட்டினேன். ஓமப் புகை. ஒரு தும்மல். உடனே, மூச்சு விடுகிற இடைவெளியில், தவில் விழுந்தது. பாருங்கள், ஐயரின் கை அதற்கப்புறம்தான் உயரத் தொடங்குகிறது. மேளம் உச்சத்தில் இருக்கும்போது மாப்பிள்ளை முடிச்சுப் போடுகிறார். அந்த மனிதர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

ராஜேந்திரன் அண்ணனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு முதல் அடி.

“டிவிடி அடிச்ச அன்னிக்கே பார்த்தேன் செல்வி. கொஞ்சம் நவுந்துகினுதான் கீது. யாரு கவனிக்கப் போறாங்கன்னு வுட்டுட்டேன்.”

“அண்ணா! தெரிஞ்சேதான் அந்த ஆள முழிச்சிகினு அடின்னு சொன்னீங்களா?”

“வேற இன்னா சொல்றது? எங்க கடை தப்புன்னு சொன்னா நாளைக்கு எவன் ஆர்டர் குடுப்பான்? மேளக்காரனுக்கு இந்த மண்டபம் இல்லன்னா இன்னொரு மண்டபம். வுட்டுடு செல்வி.”

“விட மாட்டேண்ணா. நான் அந்த வீட்டுக்கே போய்ச் சொல்லப் போறேன்.”

“போனீன்னா இனிமே என் கடைப்பக்கம் வராத.”

“சரிங்கண்ணா” என்று போனை வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த மாத வேலை முழுக்க அவர் கடையை நம்பித்தான் இருந்தேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, “உனக்கு வாய் அடங்காதுன்னு தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டேன், போயிட்டு வா” என்றார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அது.

4. சிட்லபாக்கத்தில் டிவிக்கு முன்னால்

மறுநாள் ஏகாம்பரம் அண்ணனும் நானும் சிட்லபாக்கம் போனோம். சரியான பகுதியை மட்டும் ஒரு டிவிடியில் எழுதி எடுத்துக்கொண்டேன். வாசலில் அவர் தயங்கினார். “நீ போய்ப் பேசும்மா, நான் இங்கியே நிக்கிறேன்” என்றார். கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

மாப்பிள்ளையின் அம்மா வசந்தா, அவருடைய தம்பி கோபால், புது மருமகள், மூன்று பேரும் ஹாலில் இருந்தார்கள். நான் யார் என்று சொல்லி, விஷயத்தையும் சொன்னேன். கம்ப்ரெஸ், கன்வர்ட் என்று இழுக்காமல், “கடையில எடிட் பண்ணும்போது சத்தம் நகர்ந்துபோச்சும்மா, இவர் மேல தப்பே இல்ல” என்றேன்.

முதலில் பாய்ந்தவர் அந்தக் கோபால். “அது எப்படிம்மா நகரும்? நான் மாப்பிள்ளைக்குப் பின்னாடியே நின்னேன். இந்த ஆள் தூங்கிட்டாரு. மேனேஜர்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்ணினதே நான்தான்.”

என் டிவிடியைப் போடச் சொன்னேன். போட்டார்கள். தும்மல், மேளம், தாலி. சரியாக வந்தது. ஏகாம்பரம் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்போது வசந்தா அம்மா கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி.

“ஏம்மா, நீதான் எடிட் பண்றவளாச்சே. மேளத்தைக் கொஞ்சம் முன்னாடி தள்ளி வெச்சுக் கொண்டு வந்திருக்க மாட்டேன்னு என்ன நிச்சயம்?”

“அதானே! இவரு உங்களுக்கு வேண்டப்பட்டவரா?” என்றார் கோபால்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. தப்பான டிவிடியை எடிட் செய்தவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. கடை கொடுத்தது வேதவாக்கு. சரியானதைக் கொண்டுபோன நான் திருடி! ஏகாம்பரம் அண்ணன் மெல்ல எழுந்தார். “வாம்மா போவலாம். இவங்க முடிவு பண்ட்டாங்கோ” என்றார்.

“உக்காருங்கண்ணா!” என்று போட்ட சத்தத்தில் மருமகளே திடுக்கிட்டாள். “அம்மா, என் டிவிடி வேண்டாம். அதை உடைச்சுக் குப்பையில போடுங்க. உங்க டிவிடியைப் போடுங்க. கடையில குடுத்தாங்களே, அதையே போடுங்க. ஆனா இந்தத் தடவை தாலியைப் பார்க்காதீங்க. பின்னாடி நிக்கிறவங்க முகத்தை மட்டும் பாருங்க.”

போட்டார்கள். பூமி உருண்டை சுற்றியது, ரோஜா கொட்டியது. ரிமோட்டை வாங்கி முகூர்த்தத்துக்கு ஓட்டினேன். மாப்பிள்ளைக்குப் பின்னால் கோபால் நிற்கிறார். ஓமப் புகை அவர் பக்கமாகத் திரும்புகிறது. அவர் மூக்கைச் சுளிக்கிறார், தலையைப் பின்னால் சாய்க்கிறார், வாயைப் பிளந்து, முன்னால் குலுங்குகிறார். சத்தமே இல்லை. அங்கவஸ்திர நுனியால் மூக்கைத் துடைக்கிறார். அதற்குள் மாப்பிள்ளையின் கை தாலி முடிச்சுக்குப் போய்விட்டது. அப்போது வருகிறது ஹால் அதிர ஒரு தும்மல்!

நான் விடவில்லை. “சார், மூக்கைத் துடைச்சு முடிச்சப்புறம் தும்முற மனுஷனை நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா?” என்றேன்.

முதலில் சிரித்தது மருமகள். வாயைப் பொத்திக்கொண்டு அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வசந்தா அம்மா தம்பியைத் திரும்பிப் பார்த்தார். “ஏன்டா கோபாலு, நீயா தும்மினே? தும்மினதும் நீ, போய்க் கம்ப்ளெயின்ட் பண்ணினதும் நீயா?”

“எனக்கு எங்கே ஞாபகம் இருக்கு, அக்கா! புகைல கண்ணே தெரியல…”

“உங்க தும்மல் எவ்வளவு லேட்டோ, அவர் மேளமும் அவ்வளவுதான் லேட்” என்றேன். “சத்தம் மொத்தமா பின்னாடி போயிருக்கு. இதை நான் எடிட் பண்ணலை. உங்க டிவிடி. உங்க டிவி.”

வசந்தா அம்மா அங்கேயே போனை எடுத்து மண்டபத்து மேனேஜரைக் கூப்பிட்டார். மேளக்காரர் மேல் தப்பில்லை, நாங்கள்தான் தப்பாகச் சொல்லிவிட்டோம், அவரையே திரும்ப வையுங்கள் என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். கோபாலையும் பேச வைத்தார். அவர் முணுமுணுத்த மன்னிப்பு மேனேஜருக்குக் கேட்டதோ என்னவோ, எனக்குக் கேட்டது, அது போதும். மேனேஜர் ஆவணி முகூர்த்தத்துக்கு வரச்சொல்லிவிட்டார். மருமகள் காபி கொண்டுவந்தாள்.

நான் காபியை எடுத்துக்கொண்டேன். ஏகாம்பரம் அண்ணன் எடுத்துக்கொள்ளவில்லை. கும்பிடு போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் வசந்தா அம்மாவை நேராகப் பார்த்துக் கேட்டார்.

“ஏம்மா, நீ அன்னிக்கு மணவறைக்கு முன்னாலதானே குந்திகினு இருந்தே. என் மேளம் நேரத்துக்கு உன் காதுல வுழுந்துச்சா, இல்லியா?”

வசந்தா அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

“விழுந்துச்சுப்பா. நல்லா விழுந்துச்சு. ஆனா… டிவியில பார்த்தப்போ…”



5. பிள்ளைகளுக்கு

அதற்குப் பிறகு ராஜேந்திரன் அண்ணன் எனக்கு வேலை கொடுக்கவில்லை. நானும் போய் நிற்கவில்லை. பெருங்களத்தூரில் வேறொரு கடை கிடைத்தது. அங்கே முதல் நாளே சொல்லிவிட்டேன், கன்வர்ட் செய்யாமல் ஒரு ஃபைலையும் நான் தொட மாட்டேன், டிவிடி கைக்குப் போகும் வரை டேப்பை அழிக்கக் கூடாது, பிடித்தால் வேலை கொடுங்கள் என்று. அந்த ஓனர் முறைத்தார், பிறகு ஒத்துக்கொண்டார்.

உங்கள் மெஷின்கள் இப்போது வேகமானவை. அரை நாள் ஓடியது இன்று சில நிமிஷத்தில் முடியும். இருந்தும் அந்தச் சில நிமிஷத்துக்கும் சோம்பல் படுகிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன். “யாரு கவனிக்கப் போறாங்க ஆன்ட்டி” என்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கவனிக்க மாட்டார்கள் பிள்ளைகளே. அதுதான் ஆபத்தே. அந்த மண்டபத்தில் அத்தனை பேர் உட்கார்ந்து மேளத்தை நேரத்துக்குக் கேட்டார்கள். நாம் கொடுத்த டிவிடியைப் பார்த்ததும் கேட்டதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். தங்கள் காதையே நம்பாமல் நம்மை நம்புகிறவர்களுக்கு வேலை செய்கிறோம். அதனால் முதலில் கன்வர்ட் பண்ணுங்கள், கடைசி வரை ஓட்டிப் பாருங்கள், அப்புறம் டைம்லைனைத் தொடுங்கள்.